தவணை

பகாவ் பழைய பசார் சாலையில்
கடிகாரக்கடை இருந்த இடத்தில் இப்போது
கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள்.

கிள்ளான் வியாபாரி ஜெகதீசன்
ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கி
மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"பதினேழு கல் வச்ச சுவிஸ் மெஷின். முள், முகம் எல்லாமே அசல்.
காகிதம் இருந்தா ரெண்டாயிரத்து இருநூறு.
இல்லன்னா தொள்ளாயிரம்."

பதினேழு கல்லா?
அம்மா மூக்குத்தியில் ஒன்றுகூட இருந்ததில்லை.

அவரே ஒரு வழியும் சொன்னார்.
அந்தக் காலத்து உத்தரவாத அட்டை
எழுதாமல் வெறுமையாக ஈப்போவில் கிடைக்கிறதாம்.
எண்ணை நிரப்பி, கோப்பி-ஓ தடவி
இரண்டு நாள் வெயிலில் போட்டால் போதும்.
"பொருத்தமா இருக்கும் அக்கா,
யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

பொருத்தமா.
பல்லிடுக்கில் மீன்முள் மாதிரி
வழி முழுக்க உறுத்தியது அந்தச் சொல்.
அண்ணனிடமும் ஒருவன் இப்படித்தான் சொன்னான்,
பதிவிலாகா வாசலில்,
மூவாயிரம் வெள்ளிக்குப் பொருத்தமான ஒரு பிறப்புப் பத்திரம்.
வேண்டாம் என்றுவிட்டு
அதே சிவப்பு அட்டையோடு வீடு வந்தான்.
வயது ஐம்பத்தேழு. பெயர் அமாவாசை.
எந்த அமாவாசை என்பதற்குத்தான்
தாள் இல்லை.

கடைக்காரர் மகன் ஆ கியோங்
செம்பனை ஆலைக்கு எதிரே டயர் கடை வைத்திருக்கிறார்.
"அப்பா எதையும் வீசமாட்டார், வீசவும் விடமாட்டார்" என்று
மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தார்
பதினோரு பிஸ்கட் டின்.
எல்லாம் ரசீது அடிக்கட்டைகள்.
கரையான் தின்றது போக
அறுபத்தேழாம் வருஷம் பாதி மிச்சம்.

மூன்று ஞாயிறு தேடினேன்.
கார்பன் நீலம் நகத்துக்குள் போய்விட்டது.
டயர் மாற்ற வந்த ஒருவர் தானும் இரண்டு கட்டைப் புரட்டி
மாமனார் அடைக்காத கடனைக் கண்டுபிடித்து
அவசரமாகக் கிளம்பிப் போனார்.

நான்காவது ஞாயிறு, ஒன்பதாவது டின்:
எண் 3318604.
மூடியின் உட்புறம் இருக்கும் அதே எண்.
சன்னாசி, இரண்டாம் டிவிஷன், நான்காம் லயம்.
விலை நூற்றுப் பத்து. மாதம் எட்டு வெள்ளி.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.

ஓரத்தில் சீன எழுத்து.
ஆ கியோங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்:
"உயரமான ஆள். இடது கையில் நான்கு விரல்.
வலது கையில் கட்டுவார், வாரைச் சின்னதாக்க வேண்டும்."

அப்பாதான்.

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.
கொஞ்சம் நிறுத்திவிட்டுப் படித்தார்:
"ஏப்ரல் கட்டவில்லை. பையன் பிறந்திருக்கிறான்.
மேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

டின் மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.
மருத்துவச்சி எழுதவில்லை,
தோட்டத்துக் கிராணி எழுதவில்லை,
கடன் கொடுத்தவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஜெகதீசன் போன் செய்தார். "கிடைச்சுதா அக்கா?"
இல்லை என்றேன்.
பொய்தான். பொருத்தமாக வந்துவிட்டது.
தொள்ளாயிரத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை, சிரம்பான், வரிசை எண் 4017.
சீனத்தை மலாயில் எழுதி முத்திரை வைக்க நூற்றிருபது ஆனது.
முகப்பில் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கடிகார ரசீதுதானே இது என்றாள்.
ஆமாம் என்றோம் இருவரும், ஒரே நேரத்தில்.
நகலெடுத்து ஃபைலுக்குள் வைத்தாள்.
மேலே கேட்டுச் சொல்வார்களாம்.

திரும்பும் பேருந்தில் அண்ணன் வாயே திறக்கவில்லை.
கோலப்பிலா தாண்டியதும் கேட்டான்:
"அப்ப, அந்த ரெண்டு மாசத் தவணை
என்னாலதான் நின்னுச்சா?"

"பதினாறு வெள்ளி" என்றேன்.

சன்னலோரம் செம்பனை வரிசை ஓடிக்கொண்டிருந்தது.
"நாளைக்கே ஆ கியோங்கிட்ட குடுத்துரு" என்றான்.